ஐயாயிரத்துக்கும் எட்டுக்கும் நடுவே

பங்குனி பிறந்தால் தாமிரபரணிக் கரையில் கொடைக் காலம் தொடங்கிவிடும். அம்பாசமுத்திரத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றின் இரு கரையிலும் சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் முத்தாரம்மனுக்கும் ஊருக்கு ஊர் கொடை. பந்தலில் வில்லுப்பாட்டு நடக்கும். வீசுகோல் நாணில் விழுகிற ஓசையும் குடத்தின் அதிர்வும் உடுக்கையும் பக்கத்து ஊர் வரை போகும். போக வைப்பது மைக் செட். ஒரு தலைமுறைக்கு முன்பு வரை அந்தப் பெட்டிக்குள் வால்வுகள் எரிந்துகொண்டிருந்தன. இரும்புச் சல்லடை மூடிக்குள்ளே செம்மஞ்சளாக நாலைந்து கண்ணாடிக் குடுவைகள். பக்கத்தில் போனாலே சூடு தெரியும்.

பெட்டியின் முன்பக்கத்து வால்யூம் திருகுகளை ஊரில் எல்லாருக்கும் தெரியும். சங்கதி பின்பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஒரு பட்டையில் வரிசையாகப் பித்தளைத் திருகாணிகள்: முதலில் பொது முனை, பிறகு 4, 8, 16 என்று மூன்று, அதற்கப்புறம் 70, 100 என்று இரண்டு. முதல் மூன்றும் ஓம் கணக்கு. பின்னிரண்டும் வோல்ட் கணக்கு. ஒயரை எந்தத் திருகாணியில் மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து, அதே பெட்டி அதே குழாய் ஸ்பீக்கரில் முழங்கவும் செய்யும், முனகவும் செய்யும், சில சமயம் புகையவும் செய்யும்.

முதலில் கொஞ்சம் வரலாறு. மனிதக் குரலை மின்சாரத்தால் பெருக்கிக் கூட்டத்துக்குக் கேட்க வைத்த முன்னோடிகளில் பேர்பெற்றவர்கள் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும். 1915இல் கலிபோர்னியாவில் 'மேக்னவாக்ஸ்' ஒலிபெருக்கியைக் காட்டினார்கள். இன்றைக்கும் நம் வீட்டில் இருக்கிற அசையும் சுருள் ஸ்பீக்கருக்கு 1925இல் வடிவம் கொடுத்தவர்கள் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக். நம் நாட்டில், காந்தியும் நேருவும் பேசுகிற பழைய படங்களில் மைக்கின் மேல் 'சிகாகோ ரேடியோ' என்ற பெயரைப் பார்க்கலாம். அது சிந்துவிலிருந்து கிளம்பிய மோட்வானே குடும்பத்தின் கம்பெனி. தில்லியில் அகுஜா 1940இல் தொடங்கியது. பெங்களூரில் 1954இல் பிறந்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1960களில் வால்வுகளை இங்கேயே செய்தது. நெல்லைச் சீமையின் கிராமங்களுக்குக் கரண்ட் கம்பி இழுக்க வழிசெய்தது 1944இல் இயங்கத் தொடங்கிய பாபநாசம் நீர்மின் நிலையம். திருநெல்வேலி வானொலி 1963இல் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் இந்தப் பக்கத்து வால்வு ரேடியோக்கள் இலங்கை வானொலியைப் பிடித்தபடியே இருந்தன. வீட்டு ரேடியோவானாலும் கொடை மைக் செட்டானாலும் கடைசிக் கட்டத்தில் இருந்த சிக்கல் ஒன்றுதான்: வால்வு ஒரு மாதிரி மின்சாரம் தருகிறது, ஸ்பீக்கர் வேறு மாதிரி கேட்கிறது.

வால்வுக்குள்ளே நடப்பது எளிது. காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குடுவைக்குள் கேத்தோடு என்ற சிறு குழல் சிவக்கக் காய்கிறது. அதிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களை நேர்மின் அழுத்தம் கொடுக்கப்பட்ட பிளேட் இழுத்துக்கொள்கிறது. நடுவே இருக்கிற கிரிட், மைக்கிலிருந்து வந்த சிறு மின்னலைக்கு ஏற்ப அந்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. ஆனால் வெற்றிடத்தின் குறுக்கே எலக்ட்ரான்களை ஓட வைக்க நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும். அவ்வளவு கொடுத்தும் ஓடுகிற மின்னோட்டம் ஆயிரத்தில் சில பத்துப் பங்கு ஆம்பியர்தான். காய்ந்த கேத்தோடு அவ்வளவுதான் தரும்.

ஓர் இ.எல்.84 வால்வை எடுத்துக்கொள்வோம். பிலிப்ஸ் கம்பெனி 1950களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. கட்டைவிரல் பருமன், அடியில் ஒன்பது ஊசிக் கால்கள். வீட்டு ரேடியோக்களும் ரேடியோகிராம்களும் ஒரு காலத்தில் இதை நம்பித்தான் பாடின. பிளேட்டில் 250 வோல்ட், ஓய்வில் 48 மில்லி ஆம்பியர் என்று தயாரிப்பாளரின் குறிப்பேடு சொல்லும். கூடவே இன்னொரு எண்ணும் இருக்கும்: பிளேட்டுக்குக் கொடுக்க வேண்டிய சுமை 5200 ஓம்.

நம் கையில் இருப்பதோ 8 ஓம் ஸ்பீக்கர். மெல்லிய செம்புக் கம்பியில் சில மீட்டர் நீளம் சுற்றிய சுருள், அவ்வளவே. அதை வால்வின் பிளேட்டோடு நேராக இணைத்துவிட்டால் என்ன ஆகும்? வால்வால் ஓய்வு நிலையிலிருந்து மேலும் கீழும் 48 மில்லி ஆம்பியர் ஆட முடியும். அலையின் பயனுறு மதிப்பு 34 மில்லி ஆம்பியர். அதன் வர்க்கத்தை 8ஆல் பெருக்கினால் கிடைப்பது 9 மில்லி வாட். ஹெட்ஃபோனுக்கு வேண்டுமானால் காணும். அதே 34 மில்லி ஆம்பியரை 5200 ஓம் சுமையில் ஓடவிட்டால் 6 வாட். 650 மடங்கு வித்தியாசம். 5200ஐ 8ஆல் வகுத்தாலும் அதே 650தான் வரும்.

தாமிரபரணியையே பாருங்கள். பாபநாசத்தில் பாறையிலிருந்து தண்ணீர் விழுகிற உயரம் அதிகம், ஓடை குறுகியது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் ஆறு அகன்று கிடக்கிறது, இறக்கம் கொஞ்சம்தான். உயரத்தை வோல்ட் என்றும் ஓடுகிற அளவை ஆம்பியர் என்றும் வைத்துக்கொண்டால் வால்வு பாபநாசம், ஸ்பீக்கர் ஸ்ரீவைகுண்டம். ஆற்றில் உயரத்தை அகலமாக மாற்றித் தருகிற இயந்திரம் கிடையாது. மின்சாரத்தில் உண்டு, அதன் பெயர் டிரான்ஸ்ஃபார்மர். பாபநாசத்தின் டர்பைன்கள் உண்டாக்குகிற மின்சாரத்தை உயர் அழுத்தத்துக்கு ஏற்றிக் கம்பியில் அனுப்பி, ஊர் எல்லையில் இறக்கிக் கொடுப்பதும் அதேதான். மைக் செட்டுக்குள் இருக்கிற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அதன் கைக்குள் அடங்குகிற தம்பி.

ஓர் இரும்புக் கட்டையில் இரண்டு சுருள். ஒன்றில் 25 சுற்றுக்கு மற்றதில் ஒரு சுற்று என்று வைத்தால் அழுத்தம் 25இல் ஒரு பங்காக இறங்கும். மின்னோட்டம் 25 மடங்கு ஏறும். ஓம் என்பது வோல்ட்டை ஆம்பியரால் வகுப்பது. மேலே உள்ளது 25 மடங்கு குறைந்து, கீழே உள்ளது 25 மடங்கு கூடினால், ஓம் 25க்கு 25, அதாவது 625 மடங்கு மாறும். சுற்று விகிதத்தின் வர்க்கம். நமக்கு வேண்டியது 650. அதன் வர்க்கமூலம் 25.5. ஆகவே 25.5க்கு ஒன்று என்று சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரின் அந்தப் பக்கம் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால், இந்தப் பக்கத்திலிருந்து வால்வு பார்க்கும்போது அது 5200 ஓமாகத் தெரியும். வால்வின் பக்கம் 177 வோல்ட்டும் 34 மில்லி ஆம்பியரும். ஸ்பீக்கரின் பக்கம் ஏறக்குறைய 7 வோல்ட்டும் 0.87 ஆம்பியரும். இரண்டு பக்கமும் அதே 6 வாட். நிஜத்தில் சுருளும் இரும்பும் கொஞ்சம் தின்னும். வால்வும் கடைசி வோல்ட் வரை ஆடாது.

அந்த 5200 எங்கிருந்து வந்தது என்பதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கல்லூரியில் பெரும ஆற்றல் மாற்றத் தேற்றம் படித்தவர்கள், மின்மூலத்தின் உள்தடையும் சுமையும் சமமாக இருக்க வேண்டும் என்பார்கள். 1840 வாக்கில் மோரிட்ஸ் யாக்கோபி சொன்னது, தப்பே இல்லை. ஆனால் இ.எல்.84இன் உள்தடை 38,000 ஓம். அதற்குச் சமமான சுமையைக் கொடுத்தால் வால்வு ஏழில் ஒரு பங்கு வேலைகூடச் செய்யாது. ஏனென்றால் யாக்கோபியின் கணக்கில் மூலத்துக்கு எல்லை கிடையாது, வால்வுக்கு உண்டு. பிளேட்டின் அழுத்தம் 250இலிருந்து பூச்சியம் வரைதான் இறங்க முடியும். மின்னோட்டம் 48இலிருந்து பூச்சியம் வரைதான் குறைய முடியும். இரண்டு எல்லையையும் ஒரே நேரத்தில் தொட்டுத் திரும்புகிற சுமைதான் வால்வை முழுதாக வேலை வாங்கும். 250 வோல்ட்டை 0.048 ஆம்பியரால் வகுத்துப் பாருங்கள்: 5208. குறிப்பேட்டின் மர்ம எண் அவ்வளவுதான். பொருத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு பக்கமும் ஒரே எண் வர வேண்டும் என்று நினைப்பது இங்கே உதவாது.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. மின்னோட்டம் பூச்சியத்தை நெருங்கும் அரைச் சுற்றில் பிளேட்டின் அழுத்தம் 250இல் நிற்பதில்லை. ஏறக்குறைய 500 வரை ஏறுகிறது. கொடுத்த சப்ளையே 250தான், மீதி எங்கிருந்து? டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் காந்தப்புலமாகச் சேர்ந்திருக்கிற ஆற்றல், மின்னோட்டம் குறையும்போது எதிர்த்துத் தள்ளுகிறது. இந்தத் தள்ளல் நல்ல பிள்ளையாக இருக்கும்வரை பாட்டு. அது கட்டவிழ்ந்தால் என்ன ஆகும் என்பது அடுத்து வருகிறது.

8 ஓம் திருகாணியில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். வால்வுக்கு அது 2600 ஓமாகத் தெரியும். மின்னோட்டம் தன் எல்லையைத் தொட்டுவிடும். அழுத்தம் பாதி தூரம்தான் ஆடியிருக்கும். கணக்குப் போட்டால் 3 வாட். மாறாக, 16 ஓம் குழாயை 8 ஓம் திருகாணியில் மாட்டினால் வால்வுக்குத் தெரிவது 10,400 ஓம். இப்போது அழுத்தம் எல்லையைத் தொடும். மின்னோட்டம் பாதிதான் ஆடும். மறுபடியும் 3 வாட். எந்தப் பக்கம் தப்பினாலும் காகிதத்தில் பாதி நஷ்டம். இந்தச் சமச்சீர் பார்க்க அழகு, ஆனால் ஆபத்து இரண்டு பக்கமும் ஒன்றல்ல.

ஓம் குறைந்தால், குறிப்பாக இரண்டு இ.எல்.34 வால்வுகள் எதிரெதிராக இழுக்கிற 35 வாட் புஷ்புல் ஆம்ப்ளிஃபயரில், மின்னோட்டம் கூடும், பிளேட் சூடேறிச் சிவக்கும், வால்வின் ஆயுள் குறையும். இது மெல்லப் போகிற வியாதி, கண்ணுக்குத் தெரியும். ஓம் கூடினால் முதலில் ஸ்கிரீன் கிரிட் என்ற இரண்டாவது கிரிட் அதிக மின்னோட்டத்தைத் தாங்க வேண்டிவரும். ஓம் எல்லையில்லாமல் கூடினால், அதாவது ஒயர் கழன்று ஸ்பீக்கரே இல்லாமல் போனால், மேலே சொன்ன காந்தத் தள்ளலுக்கு வடிகால் இருக்காது. மைக்கில் யாராவது ஒரு 'ஹலோ' போட்டால் போதும், பிளேட்டில் ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பலாம். வால்வு சாக்கெட்டில் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவே பொறி பாயும். பாய்ந்த இடத்தில் கருகிய கோடு விழும். கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அடுத்த முறை பொறி பாய அவ்வளவு வோல்ட்கூட வேண்டாம். அல்லது டிரான்ஸ்ஃபார்மருக்குள் இரண்டு அடுக்குக்கு நடுவே இருக்கிற காகிதம் ஓட்டையாகும்; அத்தோடு அது போயிற்று.

இந்தப் பக்கத்துப் பழைய மைக் செட்காரர்களுக்கு இது கைப்பழக்கமாகத் தெரியும். "அண்ணாச்சி, குழாய மாட்டாம செட்ட ஆன் பண்ணிராதிய" என்று பதறுகிறவர் காந்தப்புலக் கணக்குப் போட்டவரில்லை. ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்குக் காசு கொடுத்தவர். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் பழகிய இளவட்டங்களுக்கு இது தலைகீழ்ப் பாடம். டிரான்சிஸ்டர் குறைந்த அழுத்தத்தில் நிறைய மின்னோட்டம் தரும். ஸ்பீக்கர் இல்லாமல் சும்மா கிடந்தால் அதற்கு ஒன்றுமில்லை, இரண்டு ஒயரும் உரசி ஷார்ட் ஆனால்தான் ஒரு நொடியில் போகும். வால்வுக்கு ஷார்ட் கொஞ்ச நேரம் பொறுக்கும், ஓப்பன் பொறுக்காது.

நெல்லையிலும் சுற்று வட்டாரத்திலும் பம்பு செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற வைண்டிங் கடைகள் நிறைய. மோட்டார் கட்டுகிற கைக்கு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கட்டுவது பெரிய வித்தையில்லை என்று தோன்றும். மூன்று இடங்களில் அது வேறுபடுகிறது.

முதலாவது, இரும்பு அடுக்குகிற விதம். ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயரில் அந்த 48 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டம் ஓய்வில்கூடச் சுருளில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது இரும்பை ஒரே பக்கமாகக் காந்தமாக்கி நிறைத்துவிடும். ஆகவே ஈ வடிவத் தகடுகளை எல்லாம் ஒரு பக்கமும் ஐ வடிவத் தகடுகளை எல்லாம் மறு பக்கமும் வைத்து, நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகுவார்கள். சாதாரண எழுதுகிற தாள் கனமே பெரும்பாலும் போதும். அந்த நூலிழை இடைவெளி இரும்பை மூச்சுவிட வைக்கிறது. புஷ்புல்லில் இரண்டு வால்வின் நேர்மின்னோட்டமும் எதிர்த்திசையில் ஓடிக் கழிந்துவிடுவதால் காகிதம் வேண்டாம். தகடுகளை மாற்றி மாற்றிக் கோக்கலாம். பழைய டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்துக் கட்டும்போது "ஏதோ காகிதம் கிடந்தது" என்று எறிந்துவிட்டால் அடித்தொனி காணாமல் போகும்.

இரண்டாவது, அடித்தொனிக்காகப் பிரைமரியில், அதாவது வால்வுப் பக்கச் சுருளில், வேண்டிய தூண்டல். 50 ஹெர்ட்ஸ் வரை ஓசை இறங்க ஏறக்குறைய 15 ஹென்றி தேவை. அதற்கு முடி போன்ற கம்பியில் இரண்டாயிரம், மூவாயிரம் சுற்று. எடுத்துக்காட்டாக 2800 சுற்று என்று வைப்போம். ஸ்பீக்கர் பக்கச் சுருளான செகண்டரியில் 16 ஓமுக்கு 155 சுற்று, 8 ஓமுக்கு 110, 4 ஓமுக்கு 78. நான்கு ஓம் திருகாணி 16 ஓம் சுருளின் நட்டநடுவிலிருந்து கிளம்புகிறது, கால்வாசியிலிருந்து அல்ல. வர்க்கக் கணக்கை மறந்தவர்கள் சறுக்குகிற இடம் இது. கீழே இறங்க இறங்கக் கம்பி பருமனாக வேண்டும்: 4 ஓமில் 6 வாட் என்றால் 1.2 ஆம்பியர். செகண்டரிச் சுருளின் சொந்தத் தடை 0.4 ஓம் இருந்தாலே பத்தில் ஒரு பங்கு அங்கேயே வெப்பமாகிவிடும். 16 ஓமில் அதே 0.4 கணக்கிலேயே வராது.

மூன்றாவது உச்சத்தொனி. பிரைமரி முழுவதையும் சுற்றி, மேலே செகண்டரியைச் சுற்றினால் இரண்டுக்கும் நடுவே காந்தப்புலம் கசிந்து, ஜால்ராவின் மினுக்கு மழுங்கிப்போகும். ஆகவே கொஞ்சம் பிரைமரி, கொஞ்சம் செகண்டரி என்று அடுக்கடுக்காகச் சுற்ற வேண்டும். நேரமும் பொறுமையும் பிடிக்கிற வேலை. நல்ல டிரான்ஸ்ஃபார்மரின் விலை இங்கேதான் ஏறுகிறது.

கொடைப் பந்தலுக்குத் திரும்புவோம். குழாய் ஸ்பீக்கரின் யூனிட் பெரும்பாலும் 16 ஓம். இரண்டை இணையாகக் கொடுத்தால் 8, நான்கைக் கொடுத்தால் 4, எட்டைக் கொடுத்தால் 2. ஊர் பெரிதாக ஆக, குழாய் கூடக் கூட, ஓம் குறைந்துகொண்டே போகும். பின்பக்கத்தில் 2 என்று திருகாணியே கிடையாது. இரண்டிரண்டாகத் தொடரில் கோத்து, அந்த நான்கு சோடிகளை இணையாகச் சேர்த்தால் 8க்கு வரும். ஆனால் ஒரு யூனிட் போனால் அதன் சோடியும் ஊமையாகிவிடும்.

அதைவிடப் பெரிய எதிரி ஒயர். பந்தலிலிருந்து ஊர் முகப்பில் உள்ள பனை மரம் 200 மீட்டர் என்று வைப்போம். போக வர 400 மீட்டர். 23/76 ஒயரில் அதற்குச் சுமார் 10 ஓம் தடை. 16 ஓம் குழாய் ஒன்றை மாட்டினால் கிளம்புகிற சக்தியில் 62 சதவீதம்தான் குழாய்க்குச் சேரும். நான்கு குழாயை அந்தப் பனையிலேயே இணையாகக் கட்டி 4 ஓமாக்கினால், சேர்வது 29 சதவீதம். மீதி ஒயரைச் சூடாக்குகிறது.

பாபநாசத்தில் செய்ததையே இங்கேயும் செய்தால் தீரும். அழுத்தத்தை ஏற்றி அனுப்பு, சேருமிடத்தில் இறக்கு. பின்பக்கத்தில் இருந்த 100 வோல்ட் திருகாணி அதற்குத்தான். ஆம்ப்ளிஃபயர் தன் முழுச் சக்தியில் 100 வோல்ட் தருமாறு அந்தச் சுற்று கட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு குழாயோடும் ஒரு சின்ன லைன் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர். 10 வாட் எடுக்கிற குழாய், 100 வோல்ட் லைனுக்கு 1000 ஓமாகத் தெரியும், இழுப்பது 0.1 ஆம்பியர். பத்து ஓம் ஒயரில் இழப்பு ஒரு சதவீதம். ஓம் கணக்கே இனி வேண்டாம்: குழாய்களின் வாட்டைக் கூட்டு, ஆம்ப்ளிஃபயரின் வாட்டைத் தாண்டாமல் பார். டிரான்சிஸ்டர் வந்த பிறகும் மைக் செட் பெட்டிகள் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைக் கைவிடாததற்கு இந்த 100 வோல்ட் வசதி முக்கியக் காரணம்.

குழாய் என்ற உருவமே இன்னொரு பொருத்தம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சின்ன டயாபிரம் கனத்தது, காற்று லேசானது. இரண்டும் நேராகச் சேர்ந்தால் சக்தி கைமாறாது. மெல்ல விரிகிற கூம்பு நடுவே நின்று சேர்த்து வைக்கிறது. நாதஸ்வரத்தின் அணசு விரிந்திருப்பதில் இந்த வேலையும் உண்டு. வீட்டுக் கூம்புத்தாள் ஸ்பீக்கர் தனக்கு வருகிற மின்சக்தியில் ஒன்றிரண்டு சதவீதத்தைத்தான் ஓசையாக்கும். குழாய் அதைப்போலப் பல மடங்கு. சில வாட் வால்வு ஓர் ஊரையே எழுப்பியதன் ரகசியம் அது. இன்று காவல்துறை அனுமதிகளில் கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தடை விழுவதன் காரணமும் அதே திறமைதான்.

வால்வு இப்போது கொடையை விட்டு வரவேற்பறைக்குப் போய்விட்டது. பொழுதுபோக்காக ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்களும் பழைய ரெக்கார்டு சேர்க்கிறவர்களும் அதைத் தேடுகிறார்கள். அவர்களுக்கு வருகிற சோதனை 4 ஓம் ஸ்பீக்கர். பெட்டியில் எழுதியிருக்கிற எண் ஒரு பேச்சுக்கு எழுதியது. 8 ஓம் ஸ்பீக்கரில் மல்டிமீட்டர் வைத்தால் 6, 6.5 காட்டும், அது கம்பியின் வெறும் தடை. ஓசை ஓடும்போது, கூம்புத்தாள் தானாக அதிரும் அடித்தொனியில் அதே ஸ்பீக்கர் 40 ஓம் வரை எகிறும். ட்வீட்டரும் வூஃபரும் கைமாற்றிக்கொள்கிற இடத்தில் 4க்கும் இறங்கும். 4 ஓம் என்று எழுதியது 3 ஓமில் போய் நிற்கும்.

இ.எல்.84 போன்ற பென்டோடு வால்வுக்கு இது வினையாகிறது. 38,000 ஓம் உள்தடை, டிரான்ஸ்ஃபார்மர் வழியே ஸ்பீக்கர் பக்கம் 58 ஓமாகத் தெரியும். 8 ஓம் ஸ்பீக்கர் எங்கே 40க்கு எகிறுகிறதோ அங்கே ஓசை 10 டெசிபெல் கூடும். எங்கே 4க்கு இறங்குகிறதோ அங்கே 5 டெசிபெல்லுக்கு மேல் குறையும். பாட்டு ஸ்பீக்கரின் ஓம் வரைபடத்தையே பாடத் தொடங்கிவிடும். 1927இல் பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் பிளாக் கண்டுபிடித்த எதிர்ப் பின்னூட்டம் இதற்கு மருந்து: வெளியே போகிற அலையில் கொஞ்சம் திருப்பி எடுத்து உள்ளே வருவதோடு கழித்துச் சரிபார்ப்பது. 1947இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் வில்லியம்சன் வெளியிட்ட ஆம்ப்ளிஃபயர் 20 டெசிபெல் பின்னூட்டம் வைத்து உலகத்துக்கே முன்மாதிரியானது. ஸ்பீக்கருக்குத் தெரிகிற உள்தடையை 1 ஓமுக்கு இறக்கிவிட்டால் 8க்கும் 40க்கும் வித்தியாசம் ஒரு டெசிபெல்கூட இராது. வால்வு ஓசையின் 'கதகதப்பு' என்று சிலாகிக்கப்படுவதில் ஒரு கணிசமான பங்கு, பின்னூட்டம் குறைந்த ஆம்ப்ளிஃபயரில் இப்படிப் பிதுங்குகிற அடித்தொனிதான் என்பது என் கட்சி. கேட்க இனிமை என்றால் கேட்டுவிட்டுப் போகட்டும். ஆனால் அதை வெற்றிடத்தின் மகிமை என்று சொல்ல வேண்டாம்.

பின்னூட்டம் உள்தடையைக் குறைத்துக் காட்டும். இல்லாத மில்லி ஆம்பியரை உண்டாக்காது. 8 ஓம் திருகாணியில் மாட்டிய ஸ்பீக்கர் 3 ஓமுக்கு இறங்கும்போது வால்வுக்குத் தெரிவது 1950 ஓம். 48 மில்லி ஆம்பியரோடு அதன் பாடு முடிந்தது, பின்னூட்டம் எவ்வளவு திட்டினாலும் அலை வெட்டுப்படும். இறங்குகிற ஸ்பீக்கருக்கு, பெட்டியில் 8 என்று போட்டிருந்தாலும், 4 ஓம் திருகாணிதான் நல்லது. கொஞ்சம் வாட் போகும், ஓசை நிலைக்கும். நான் அதைத்தான் தேர்வேன்.

வாங்குமுன் பார்க்க வேண்டிய இன்னொரு எண் சென்சிடிவிட்டி. '2.83 வோல்ட்டுக்கு 87 டெசிபெல்' என்று அச்சிட்டிருப்பார்கள். 8 ஓமில் 2.83 வோல்ட் என்பது 1 வாட். 4 ஓமில் அது 2 வாட். அதாவது 4 ஓம் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்குத் தருவது 84தான். வோல்ட்டைத் தாராளமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிற டிரான்சிஸ்டருக்கு இந்த மூன்று டெசிபெல் உறைக்காது. திருகாணிக்குத் திருகாணி ஒரே வாட்டை அளந்து கொடுக்கிற வால்வுக்கு அது பாதிச் சக்தி.

டிரான்ஸ்ஃபார்மரே வேண்டாம் என்று முரண்டு பிடித்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஜூலியஸ் ஃபட்டர்மேன் 1954 வாக்கில், வால்வுகளை நேராக ஸ்பீக்கரோடு இணைத்தார். வால்வுகளைக் கூட்டமாக நிறுத்தித்தான் அது முடிந்தது, 4 ஓம் என்றால் அதுவும் திணறும். பிலிப்ஸ் எதிர்த்திசையில் போனது. வால்வை ஸ்பீக்கருக்கு இறக்குவதற்குப் பதில் ஸ்பீக்கரை வால்வுக்கு ஏற்றியது: 800 ஓம் சுருள். இ.எல்.86 வால்வுகள் அதை டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமலே ஓட்டின. ஆனால் 800 ஓமுக்கு அந்தச் சின்னச் சுருளில் இழை போன்ற கம்பியை நிறையச் சுற்ற வேண்டும். அறுந்தால் ஒட்ட முடியாது, மாற்றும் கிடைக்காது. டிரான்சிஸ்டர் வந்ததும் அதன் தேவையே ஒழிந்தது.

பழைய இரும்புக் கடையில் ஓர் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கிறது, மேலே எழுத்து அழிந்திருக்கிறது என்றால், அதன் விகிதத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தடை அதிகமாகக் காட்டுகிற சுருள்தான் பிரைமரி. அதற்கு 12 வோல்ட் ஏ.சி. கொடுங்கள், செகண்டரியில் மீட்டரை வைத்துப் பாருங்கள். மாற்றிக் கொடுத்துவிட வேண்டாம்: செகண்டரியில் 12 வோல்ட் கொடுத்தால் பிரைமரியில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், கை வைத்தால் உயிர் போகும். மீட்டர் 0.47 காட்டினால் விகிதம் 25.5, இ.எல்.84க்கு 8 ஓம் ஸ்பீக்கர். 0.33 என்றால் 36. 4 ஓமை நேராக மாட்டலாம். 0.67 என்றால் விகிதம் 18. அது 16 ஓமுக்குக் கட்டியது. கையில் 4 ஓம் ஸ்பீக்கர்கள்தான் இருக்கின்றன என்றால் நான்கை வாங்கித் தொடராகக் கோத்துவிட வேண்டியதுதான்.